டிரிப்பா, லெய்ஷா? கசையிழைப் புரதத்தை எந்த ஒட்டுண்ணியில் வைத்துப் பார்ப்பது

போன வாரம் இரவு பத்து மணிக்கு மேல் ஜூனியர் ஒருத்தி ஃபோன் செய்தாள். ஆய்வில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. "அக்கா, டிரிப் எடுக்கட்டுமா, லெய்ஷ் எடுக்கட்டுமா? நாளைக்குக் காலையில சார்கிட்ட சொல்லியாகணும்" என்றாள்.

டிரிப் என்றால் டிரிப்பனோசோமா புரூசி, ஆப்பிரிக்கத் தூக்க நோய்க் குடும்பத்து ஒட்டுண்ணி. லெய்ஷ் என்றால் லெய்ஷ்மேனியா, காலா அசார் என்ற நோயைக் கொண்டுவரும் கூட்டம். இரண்டும் ஒற்றைச் செல் உயிர்கள், இரண்டுக்கும் நீந்த உதவும் வால் போன்ற ஒரே ஒரு கசையிழை. அவள் கையில் 12 மரபணுக்களின் பட்டியல் இருந்தது. பாதி கசையிழையைக் கட்டும் புரதங்களுக்கானவை என்று சந்தேகம், மீதி கட்டிய கசையிழையைச் செல்லுடம்போடு ஒட்டவைக்கும் புரதங்களுக்கானவை. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு என்ன கெடுகிறது என்று பார்க்க வேண்டும். எந்த உயிரில், எந்த முறையில் என்பதுதான் கேள்வி.

பட்டியலை இரண்டாகக் கிழி என்றேன். ஒட்டும் புரதங்கள் டிரிப்புக்கு, கட்டும் புரதங்கள் லெய்ஷுக்கு. அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஒரே உயிரைக் கட்டிக்கொண்டு ஐந்து வருஷத்தை ஓட்டிவிடலாம் என்ற நினைப்பில் இருந்தாள். இதே கேள்வியோடு இந்த வருஷம் வந்த மூன்றாவது ஆள் இவள் என்பதால், ஃபோனில் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் டிரிப். இதன் கசையிழை ஏறக்குறைய 20 மைக்ரான் நீளம். செல்லின் பின்பாதியில் உள்ள ஒரு சின்னப் பையிலிருந்து வெளியே வந்து, உடம்பை ஒட்டியபடியே முன்முனை வரை ஓடி, அதைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். அலை அடிப்பதும் வழக்கமாக நுனியிலிருந்து அடி நோக்கித்தான், அதனால் செல் கசையிழை நுனி முன்னே போக நீந்துகிறது. இப்படி உடம்பு நெடுக ஒட்டியிருக்கும் இடத்தை லேபில் ஃபாஸ் என்கிறோம். தமிழில் ஒட்டு மண்டலம் என்று சொல்லலாம்.

ஃபாஸை ஒரு தையல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். செல்லுடம்பின் பக்கம் உள்ளே ஒரு புரத இழை ஓடுகிறது, அதன் அருகிலேயே நான்கு நுண்குழல்கள். கசையிழையின் பக்கம் ஆக்சோனீம் என்ற அதன் நடுத்தண்டோடும் அதற்குத் துணையாக ஓடும் பக்கக் கம்பியோடும் சேரும் இணைப்புகள். நடுவில் இரண்டு சவ்வுகள் முகத்தோடு முகம் வைத்து நிற்கின்றன. அந்த இரண்டையும் மாட்டி வைப்பது பிளவுஸ் கொக்கி மாதிரி ஒரு ஜோடி. உடம்புப் பக்கம் எஃப்.எல்.ஏ.1 என்ற புரதம், கசையிழைப் பக்கம் அதைப் பிடிக்கும் எஃப்.எல்.ஏ.1பி.பி. ஒன்று கொக்கி என்றால் மற்றது அதை மாட்டும் நூல்வளையம்.

இதில் என்னை இன்றும் அசத்துவது, கசையிழையும் தையலும் வளரும் திசை. கசையிழை நுனியில் வளர்கிறது. பூத் தொடுக்கும்போது அடுத்த பூ சரத்தின் கடைசியில் சேர்வது போல, புதிய கட்டுமானப் பொருள் எல்லாம் நுனிக்குப் போய்த்தான் சேரும். ஃபாஸ் அப்படியே தலைகீழ். அது அடியில் வளர்கிறது. முறுக்குப் பிழியும்போது புதிதாக வருவது அச்சை ஒட்டியிருக்கும், முதலில் வந்தது தூரமாகப் போயிருக்கும் அல்லவா, அந்த மாதிரி. ஒட்டிக்கொண்டே வளரும் இரண்டு சாமான்கள், ஒன்று நுனியில், ஒன்று அடியில். இது எப்படித் தெரிந்தது என்றால், மருந்து போட்டால் மட்டும் அடையாளம் பூசிய புரதம் உருவாகும்படி செல்லை மாற்றி, மருந்து போட்டபின் புதுச் சரக்கு எங்கே போய் உட்காருகிறது என்று பார்த்தார்கள். பக்கக் கம்பிப் புரதத்துக்கு 1999ல் இதைச் செய்தபோது நுனி ஒளிர்ந்தது. ஃபாஸ் புரதங்களுக்கு 2015ல் செய்தபோது அடிப்பகுதி ஒளிர்ந்தது.

டிரிப்பைத் தேர்ந்தெடுக்க என் முதல் காரணம் இதிலிருந்தே வருகிறது. செல் பிரியும் முன், பழைய கசையிழையை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்திலேயே புதிதாக ஒன்றைக் கட்டுகிறது. பூச்சியின் குடலில் வாழும் வடிவத்தில், புதிய கசையிழையின் நுனி பழையதன் பக்கவாட்டில் ஒரு சின்ன இணைப்பால் தொற்றிக்கொண்டு, அதன் வழியே வழுக்கிக்கொண்டு வளர்கிறது. மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் குழந்தை மாதிரி.

இப்போது ஆர்.என்.ஏ.ஐ முறையில் ஒரு ஒட்டும் புரதத்தின் உற்பத்தியை நிறுத்துங்கள். டிரிப்பில் இந்த முறை வேலை செய்யும் என்று 1998லேயே காட்டிவிட்டார்கள். இதற்குச் சுவிட்சாக வைத்திருக்கும் டாக்சிசைக்ளின் மருந்தைப் போட்டதும் அந்த மரபணுவின் செய்தி ஆர்.என்.ஏ அழிய ஆரம்பிக்கும். ஏற்கெனவே கட்டி முடித்த பழைய கசையிழைக்கு ஒன்றும் ஆகாது, அதன் தையல் அப்படியே இருக்கும். புதியதற்கு மட்டும் சரக்குக் கிடைக்காது. 24 மணி நேரம் கழித்து ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பாருங்கள். ஒரே செல்லில், உடம்போடு ஒட்டி அழகாக அலையடிக்கும் ஒரு கசையிழை. பக்கத்திலேயே, தோள் ஊக்கு கழன்ற சேலைத் தலைப்பு காற்றில் பறப்பது போல, பையிலிருந்து வெளியே வந்த இடம் தவிர எங்கும் ஒட்டாமல் துடித்துக்கொண்டிருக்கும் இன்னொன்று. செல் நகராது. இழை மட்டும் வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும். முதல் முறை எஃப்.எல்.ஏ.1 நிறுத்திய செல்லை இப்படிப் பார்த்தபோது அரை மணி நேரம் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

யோசித்துப் பாருங்கள், சோதனைக்கு ஆளான இழையும் ஒப்பிட வேண்டிய இழையும் ஒரே செல்லுக்குள். ஃபிளாஸ்க் மாறிவிட்டதோ, வெப்பம் மாறிவிட்டதோ என்ற எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. ஒட்டுதல் பற்றிய கேள்விக்கு இதைவிடச் சுத்தமான ஒப்பீட்டை நான் வேறு எந்த உயிரிலும் பார்த்ததில்லை.

இன்னொன்று, டிரிப்பில் ஒட்டும் புரதங்கள் எல்லாம் ஒரே மாதிரிக் கெடுவதில்லை. எஃப்.எல்.ஏ.1 போனால் கசையிழை கழல்வதோடு செல் பிரிவும் தடுமாறுகிறது. 2002ல் வந்த முதல் கட்டுரையின் தலைப்பிலேயே இரண்டும் இருக்கும். செல் எங்கே பிளக்க வேண்டும் என்பதை ஃபாஸின் நுனிதான் காட்டிக்கொடுக்கிறது என்பதால், தையல் இல்லாவிட்டால் வெட்ட வேண்டிய கோடும் தெரியாமல் போகிறது. அதே கொக்கியின் மறுபக்கமான எஃப்.எல்.ஏ.1பி.பி போனாலோ, கசையிழை கழல்கிறது, உடம்பு குட்டையாகிறது, ஆனால் செல் பிழைத்துக்கொள்கிறது. ஒரே ஜோடியில் ஒரு கை போனால் சாவு, மறு கை போனால் ஊனம். ஏன் என்று கேட்டாலே ஒரு ஆய்வேட்டுக்கு அத்தியாயம் ஆகிவிடும்.

கிளிப்ஜிஎம்6 என்ற பெரிய புரதத்தின் கதை இன்னும் விசேஷம். அதைக் குறைத்தால் ஃபாஸ் சுருங்கி, கசையிழையின் முன்பகுதி வெகுநீளம் விடுபட்டு, செல்லே வேறொரு வடிவத்துக்கு மாறிவிடுகிறது. பாடப் புத்தகத்தில் எபிமாஸ்டிகோட் என்று தனிப் படம் போட்டுக் காட்டும் வடிவம் அது. ஒரு புரதத்தின் அளவை மாற்றியே ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடிகிறது. 2014ல் இந்தக் கட்டுரையை லேப் கூட்டத்தில் படித்தபோது, வாழ்க்கைச் சுழற்சியில் வரும் வடிவங்களை நாங்கள் மனப்பாடம் செய்த விதத்தை நினைத்துச் சிரிப்பு வந்தது.

இனி டிரிப்பின் தொல்லைகள். ஆர்.என்.ஏ.ஐ ஒருபோதும் முழுசாக அணைக்காது, மிச்சம் மீதி இருக்கும். ஒன்றும் கெடவில்லை என்றால், புரதம் தேவையில்லையா, இல்லை மிச்சமே போதுமானதாக இருந்ததா என்று சொல்ல முடியாது. எதிர்மறை முடிவை எழுதவே கை வராது. அதோடு செல்கள் மெதுவாக அடக்குமுறைக்குத் தப்பித்துக்கொள்ளும், குறிப்பாகப் பாலூட்டியின் இரத்தத்தில் வாழும் வடிவத்தில். குளோன், அதாவது ஒற்றைச் செல்லிலிருந்து பெருகிய கூட்டம், கிடைத்த அன்றே நாலு குப்பி உறையவைத்துத் திரவ நைட்ரஜனில் போட்டுவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் அந்த நாளை வராது.

பிறகு சீரம். இது என் சொந்தக் கதை. என் இரண்டாம் வருஷத்தில், மருந்தே போடாத ஃபிளாஸ்கிலும் கழன்ற கசையிழைகள் தெரிய ஆரம்பித்தன. நூற்றில் நாலைந்து செல். பிளாஸ்மிட்டைச் சந்தேகித்தேன், புதுக் குளோன் எடுத்தேன், நுண்ணோக்கியைத் திட்டினேன். இரண்டு மாதம் போனபின் ஒரு சீனியர் வந்து, "சீரம் எந்த பாட்டில்?" என்று மட்டும் கேட்டார். டிரிப் வளர்க்கும் ஊடகத்தில் 10 சதவீதம் கன்றுக் கருவின் சீரம். மாடுகளுக்கு டெட்ராசைக்ளின் கொடுப்பது சாதாரணம். அதன் சுவடு சீரத்திலும் இருந்துவிடும். நம் ஆர்.என்.ஏ.ஐ சுவிட்சைத் திறப்பதும் அதே டெட்ராசைக்ளின் குடும்பம். நான் மருந்து போடாமலே மாடு போட்டுவிட்டது. டெட்ராசைக்ளின் இல்லை என்று சோதித்துச் சான்றளித்த சீரத்துக்கு மாறியதும் அந்த நாலைந்து செல்லும் காணாமல் போயின. விலை அதிகம்தான். ஆனால் என் இரண்டு மாதத்தின் விலையைவிடக் குறைவு.

டிரிப்பிலேயே இரத்த வடிவத்தை எடுக்கலாமே, நோய்க்கு அதுதானே நெருக்கம் என்று சிலர் கேட்பார்கள். முதல் வேலைக்கு வேண்டாம் என்பேன். அந்த வடிவத்தில் கசையிழை அசைவைத் தொட்டாலே செல் பிரிய முடியாமல் கண்டபடி வீங்கிச் செத்துவிடுகிறது என்று 2006லேயே காட்டினார்கள். ஒட்டுதல் கெட்டதா, அசைவு கெட்டதா, பிரிவு கெட்டதா என்று பிரித்தறிவதற்குள் செல் போய்ச் சேர்ந்துவிடும். மேலும் கொக்கியின் மறுபக்கம் அங்கே வேறொன்று, எஃப்.எல்.ஏ.3. பூச்சி வடிவத்தில் முடித்துவிட்டு அங்கே போவது நல்லது. பூச்சி வடிவத்துக்கு 27, 28 டிகிரி போதும், கார்பன் டை ஆக்சைடு வேண்டாம், மின்சாரம் நாலு மணி நேரம் போனாலும் மன்னித்துவிடும்.

இப்போது லெய்ஷ். இந்த ஊர்க்காரர்களுக்கு இதோடு ஒரு பழைய உறவு உண்டு. லெய்ஷ்மேனியா டோனோவானி என்ற பெயரில் உள்ள டோனோவன், 1903ல் சென்னையில் அரசு மருத்துவராக இருந்தபோதுதான் நோயாளிகளின் மண்ணீரலில் இந்த உருவங்களைப் பார்த்தார். அதே வருஷம் இங்கிலாந்தில் லெய்ஷ்மன், டம்டம்மிலிருந்து திரும்பி இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் தாம் கண்டதை வெளியிட்டார். பெயரில் இருவரும் சேர்ந்துவிட்டார்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே நிற்கும், டோனோவன் வேலை பார்த்த அரசு பொது மருத்துவமனையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சரி, கசையிழைக்கு வருவோம். பூச்சியில் வாழும் லெய்ஷ் வடிவத்தில் கசையிழை முன்முனையிலிருந்து நேராக வெளியே நீள்கிறது. உடம்பு நெடுக ஒட்டும் தையல் கிடையாது. ஆனால் ஃபாஸ் இல்லாமல் இல்லை. கசையிழைப் பையின் கழுத்துக்குள் சுருக்கமாக ஒரு துண்டு இருக்கிறது, சுருக்குப் பையின் வாயில் ஓடும் நாடா மாதிரி. டிரிப்பின் ஃபாஸில் உள்ள பல புரதங்களின் உறவுக்காரர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஆகவே லெய்ஷில் ஒட்டும் புரதம் போனால் கண்ணைப் பறிக்கும் காட்சி எதுவும் கிடைக்காது. சாதாரண நுண்ணோக்கியில் செல் பார்க்க நன்றாகவே இருக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போனால்தான் பையின் வடிவம் கெட்டிருப்பது தெரியும். எனவே ஒட்டுதலை நேரடியாகப் பார்க்க வேண்டுமென்றால் லெய்ஷ் சிரமம்.

கட்டுமானம் என்று வந்தால் நிலைமை தலைகீழ். கசையிழையின் நுனிக்குச் சரக்கைக் கொண்டுபோய் இறக்கி, காலி வண்டியைத் திருப்பிக் கொண்டுவரும் போக்குவரத்து ஒன்று உண்டு. 1993ல் கிளமிடோமோனாஸ் என்ற பச்சைப் பாசியில் கண்டுபிடிக்கப்பட்டது. ஐ.எஃப்.டி என்பார்கள். இந்த வண்டியின் புரதம் ஒன்றை டிரிப்பில் நிறுத்தினால், புதிய கசையிழை வராது. அதோடு நிற்காது. கசையிழை இல்லாததால் ஃபாஸ் சரியாக வராது, ஃபாஸ் இல்லாததால் செல் குட்டையாகி வடிவம் இழக்கும், கடைசியில் பிரியவே முடியாமல் போகும். 2003ல் இதைச் செய்துகாட்டியதால்தான் கசையிழை நீந்த மட்டும் அல்ல, செல்லின் வடிவத்தையே அது தீர்மானிக்கிறது என்று புரிந்தது. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் உங்கள் கையில் இருப்பது புதிதாகக் கிடைத்த ஒரு கட்டுமானப் புரதம், அது வண்டியில் என்ன வேலை செய்கிறது என்பது உங்கள் கேள்வி என்றால், இந்தச் சரிவு உங்களுக்கு இடைஞ்சல். இரண்டாம் நாள் ஃபிளாஸ்கில் தெரிவது எல்லாம் பின்விளைவின் பின்விளைவு.

லெய்ஷ் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. வளர்ப்பு ஃபிளாஸ்கில் கசையிழையே இல்லாமல் அது வாழ்ந்துகொள்ளும். லெய்ஷ்மேனியா மெக்சிகானாவில் ஐ.எஃப்.டி.140 மரபணுவை அடியோடு நீக்கினார்கள், ஐ.எஃப்.டி.88ஐயும் நீக்கினார்கள். வெளியே நீளும் கசையிழை இல்லாத செல்கள் பிரிந்து பெருகிக்கொண்டே இருந்தன. பாலூட்டியின் செல்லுக்குள் வாழும் வடிவத்தில் கசையிழை எப்படியும் குட்டிக் கட்டையாகச் சுருங்கிவிடுகிறது, ஒருவேளை அதனால் பழக்கமோ என்னவோ. காரணம் எதுவானாலும், மரபணு முழுவதும் போன, உயிரோடு இருக்கும், உறையவைத்து அடுத்த வருஷமும் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு செல் உங்கள் கையில். மிச்சம் மீதி என்ற வழக்கே இல்லை.

முறையும் லேசானது. லெய்ஷ் மெக்சிகானாவிலும் மேஜரிலும் டோனோவானியிலும் ஆர்.என்.ஏ.ஐ வேலை செய்யாது, அதற்கான இயந்திரமே அவற்றில் இல்லை. பிரேசிலியென்சிஸ் மாதிரி வேறொரு கிளையில் மட்டும் இருக்கிறது. அந்தக் குறையை 2017ல் வந்த லெய்ஷ்ஜிஎடிட் என்ற, மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் முறை கிட்டத்தட்ட தீர்த்துவிட்டது. குளோனிங் வேண்டாம். மரபணுவின் இருபுறமும் பொருந்தும் வெறும் 30 எழுத்து நீளமுள்ள துணைக்கரங்களைப் பிரைமர் என்ற குட்டி டி.என்.ஏத் துண்டிலேயே வைத்துப் பி.சி.ஆர் செய்து, இரண்டு பிரதிகளுக்கும் இரண்டு வெவ்வேறு மருந்து எதிர்ப்பு மரபணுக்களைத் தயாரித்து, வழிகாட்டி ஆர்.என்.ஏவுக்கான டி.என்.ஏவையும் சேர்த்து மின்அதிர்வில் உள்ளே தள்ளினால் போதும். பிரைமர் வரிசைகளை வலைத்தளமே எழுதிக் கொடுத்துவிடும். ஒரு திங்கட்கிழமை பி.சி.ஆர் போட்டால் இரண்டு வாரத்தில் மருந்தைத் தாண்டி வளரும் செல் கிடைக்கும்; எனக்குப் பெரும்பாலும் அப்படித்தான் கிடைத்திருக்கிறது. 2019ல் ஒரு குழு இதே முறையில் கசையிழை சம்பந்தப்பட்ட ஏறக்குறைய 100 மரபணுக்களை நீக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு டி.என்.ஏ அடையாளக் குறி வைத்து, எல்லாவற்றையும் கலந்து மணல் ஈக்களுக்கு ஊட்டி, யார் பிழைக்கிறார் யார் மறைகிறார் என்று எண்ணிவிட்டது. நேராக நீந்தத் தெரியாதவை ஈயின் குடலில் நிலைக்கவில்லை.

லெய்ஷின் வில்லங்கம் வேறு மாதிரி. குரோமோசோம் எண்ணிக்கையில் இதற்கு ஒழுக்கம் கிடையாது. இரண்டு பிரதியை நீக்கிவிட்டேன் என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது மூன்றாவது பிரதியை வைத்துக்கொண்டு சிரிக்கும். அத்தியாவசியமான மரபணு என்றால் இந்தத் தந்திரம் அடிக்கடி நடக்கும். ஆகவே மருந்தில் செல் வளர்ந்ததை நம்பக் கூடாது. மரபணுவின் உள்பகுதியைப் பி.சி.ஆரில் தேடி, அது இல்லவே இல்லை என்று கண்ணால் பார்த்தபின்தான் நாக்அவுட், அதாவது மரபணு முழுதும் போன செல், என்று வாயைத் திறக்க வேண்டும். நாக்அவுட் கிடைக்கவே இல்லை என்றாலும் சங்கடம்தான்: மரபணு உயிருக்குத் தேவை என்று அர்த்தமா, பிரைமர் சொதப்பலா? டிரிப்பில் எதிர்மறை முடிவு எழுத முடியாது என்றேனே, லெய்ஷில் அதற்கு இணையான குழி இது.

ஒட்டும் புரதங்களை லெய்ஷில் தொடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். டிரிப்பில் வேலை தெரிந்தபின், நோய்க்கு இது எவ்வளவு முக்கியம் என்று கேட்க லெய்ஷ்தான் இடம். ஃபாஸ்5 என்ற புரதத்தை நீக்கிய லெய்ஷ் வளர்ப்பு ஃபிளாஸ்கில் சமர்த்தாக வளர்ந்தது. பையின் கழுத்தில் கசையிழை உடம்போடு ஒட்டவில்லை, பை கோணிப்போயிற்று, அவ்வளவுதான். அதே செல்லை மணல் ஈக்குள் விட்டால் வளர முடியவில்லை, எலியில் ஒட்டுண்ணிச் சுமை வெகுவாகக் குறைந்துவிட்டது. 2019ல் வந்த முடிவு. ஃபிளாஸ்கில் மட்டும் பார்த்திருந்தால் 'முக்கியமில்லாத புரதம்' என்று எழுதி மூடியிருப்பார்கள்.

என் விதிக்கு நானே சொல்லும் விலக்கு ஒன்று உண்டு. கட்டுமானத்திலேயே நீளக் கட்டுப்பாடு பற்றிய கேள்வி என்றால் டிரிப்புக்குத் திரும்பிவிடுங்கள். டிரிப்பின் பழைய கசையிழை ஒரு கட்டத்துக்குப் பிறகு வளர்வதும் இல்லை, குறைவதும் இல்லை. பூட்டுப் போட்ட மாதிரி. பக்கத்தில் புதியது வளர்ந்துகொண்டே இருக்கும். அந்தப் பூட்டில் சி.இ.பி.164சி என்ற புரதம் ஒரு சாவி. அது பழைய கசையிழையின் அடியில் மட்டும் உட்கார்ந்திருக்கும், அதை எடுத்துவிட்டால் பழையது மேலும் நீண்டுகொண்டே போகும், புதியது குட்டையாகிவிடும். ஒரே செல்லில் பூட்டியதும் பூட்டாததும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால்தான் இதைப் பிடிக்க முடிந்தது.

மற்ற உயிர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிரிப்பனோசோமா குரூசியில்தான் இந்த ஒட்டுப் புரதக் கதையே ஆரம்பம். 1993ல் அதில் ஜி.பி.72 என்ற புரதத்தை நீக்கியபோது கசையிழை கழன்று நின்றது, எஃப்.எல்.ஏ.1 அதன் உறவு. ஆனால் மனிதருக்கு வாழ்நாள் நோய் தரும் உயிர், ஆர்.என்.ஏ.ஐயும் கிடையாது. தனி வசதி உள்ள லேபாக இருந்தால் ஒழிய வேண்டாம். கிரித்திடியா என்ற ஒட்டுண்ணி பூச்சிகளோடு நின்றுவிடும், நமக்கு ஒன்றும் செய்யாது, கல்லூரி லேபில்கூட வளர்க்கலாம். கசையிழையால் வெளிப் பரப்பில் போய் ஒட்டிக்கொள்வதைப் பார்க்க நல்ல உயிர், ஆனால் நாம் பேசும் ஒட்டுதல் வேறு. குடல் ஒட்டுண்ணியான ஜியார்டியாவுக்கு எட்டுக் கசையிழை, அழகுதான், முதல் ஆய்வுக்குத் தலைவலி. கிளமிடோமோனாஸில் ஐ.எஃப்.டி பற்றித் தெரியாததே இல்லை என்னும் அளவுக்குத் தெரியும், ஒட்டு மண்டலம்தான் இல்லை.

பாதுகாப்புப் பற்றி அவள் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும். லேபில் பயன்படும் டிரிப்பனோசோமா புரூசி புரூசி மனித இரத்தத்தில் பிழைக்காது, நம் சீரத்தில் உள்ள அப்போஎல்1 என்ற புரதம் அதை வெடிக்கச் செய்துவிடும். லெய்ஷ் அப்படியல்ல. மெக்சிகானா தோல் புண் தரும், டோனோவானி உள்ளுறுப்பைத் தாக்கும். ஊசி முனையில் கவனம். டிரிப் பக்கமும் முழு அலட்சியம் கூடாது. நம் நாட்டு ஆடு மாடுகளுக்கும் ஒட்டகங்களுக்கும் சர்ரா நோய் தரும் டிரிப்பனோசோமா எவன்சி மனிதரைத் தொடாது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். 2004ல் மகாராஷ்டிரத்தில் ஒரு விவசாயிக்குத் தொற்றியது. பரிசோதித்தபோது, அவர் உடலில் அந்த அப்போஎல்1 இல்லவே இல்லை என்று தெரிந்தது.

எந்த உயிர் என்று முடிவெடுக்கும் முன் ஒரு மாலை டிரிப்டேக் தரவுத்தளத்தில் உட்காரச் சொன்னேன். டிரிப்பின் கிட்டத்தட்ட எல்லாப் புரதங்களுக்கும் ஒளிரும் அடையாளம் பூசி, செல்லில் எங்கே இருக்கின்றன என்று படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். காசு இல்லை, செல் வளர்க்க வேண்டாம், சீரம் வேண்டாம். உங்கள் புரதம் ஃபாஸில் கோடாகத் தெரிகிறதா, கசையிழை நெடுக ஓடுகிறதா, அடியில் புள்ளியாக நிற்கிறதா என்று பார்த்தாலே பாதிப் பட்டியல் தானாகப் பிரியும். ஒரே ஒரு எச்சரிக்கை. புரதத்தின் வால்பக்கம் அடையாளம் பூசும்போது, அந்த மரபணுவுக்கே உரிய பின்பகுதி மாற்றப்பட்டுவிடும். இந்த உயிர்களில் எவ்வளவு புரதம் உருவாக வேண்டும் என்பதை அந்தப் பின்பகுதிதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஆகவே வால்பக்கப் படத்தில் தெரியும் பிரகாசத்தை அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தலைப்பக்கப் படமும் வால்பக்கப் படமும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் நான் நம்புவேன்.

மறுநாள் மாலை அவளிடமிருந்து செய்தி வந்தது. தரவுத்தளத்தில் பார்த்ததில், ஒட்டும் புரதம் என்று நினைத்த இரண்டு மைட்டோகாண்டிரியாவில் இருந்தனவாம், அடித்துவிட்டாள். மிச்சம் 10. அதில் 4 டிரிப்புக்கு, 6 லெய்ஷுக்கு. சார் இரண்டு உயிருக்கும் ஒத்துக்கொண்டாராம், ஒரே இன்குபேட்டர் போதும் என்று தெரிந்ததும். முதல் ஆர்டரில் டெட்ராசைக்ளின் இல்லாத சீரம் இரண்டு பாட்டில் சேர்த்திருக்கிறாள். லெய்ஷுக்கும் அதே சீரத்தை ஊற்றிவிடாதே, விலை தெரியுமா என்று பதில் போட்டேன்.